பழகுன ரத்தம்

எங்க ரத்த வங்கியில பழைய பதிவேடு ஒண்ணு இருக்கு. பச்சை அட்டை, முதுகுல துணி ஒட்டுனது. அதுல முதல் பக்கத்துல சிவப்பு மையில ஒரே ஒரு வரி: "பிள்ளை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவரின் ரத்தம் ஏற்றக் கூடாது." கீழ கையெழுத்து கிடையாது. இப்ப அங்கன புது மெஷின் வந்திருக்காம். அலமாரியக் காலி பண்ணுனப்ப இந்த நோட்டு சிக்கியிருக்கு. அங்க வேலை பாக்குற பிள்ள எனக்குப் போன் போட்டு, "யக்கா, இது என்ன சாதகப் பொருத்தமா? யாருக்கா எழுதுனது?"ன்னு கேட்டுச் சிரிக்கிறா.

"நாந்தான் எழுதுனேன், சிரிக்காதடி"ன்னேன். அவ விடல. "அப்ப ஏன்னு எழுதிக் குடுங்க, நாங்க எல்லாரும் படிக்கிறோம்"னா. பேசச் சொன்னா பொழுது சாயுற வரைக்கும் பேசுவேன், எழுதுறதுன்னா எனக்குக் கை ஓடாது. ஆனாலும் இத எழுதணும்னு தோணுச்சு.

என் ஊரு ஜெயமங்கலம். மதுரையில லேப் படிப்பு ரெண்டு வருசம். அதுல பாதி மறந்துபோச்சு, விடுதி சாம்பார் மட்டும் மறக்கல. பெறகு பெரியகுளத்துல ஒரு லேப்ல சர்க்கரையும் மூத்திரமும் பாத்துக்கிட்டு கெடந்தேன். தொண்ணூத்தாறுல பள்ளத்தாக்குக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு வந்து சேந்தேன். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். இங்க நான் எழுதுற பேரு ஒண்ணும் நெசப் பேரு இல்ல.

அங்க எனக்கு மேலதிகாரி சலீம் டாக்டர். உத்தமபாளையத்துக்காரரு. குரல ஒசத்திப் பேசி நான் பாத்ததே இல்ல. அவுகளுக்கும் சேத்து நான் கத்துவேன். காலையில வந்த ஒடனே நாற்காலியில உக்கார மாட்டாக. நேரா போய் தண்ணித்தொட்டியில இருக்குற வெப்பமானிய எடுத்துப் பாப்பாக. ஒடம்புச் சூடு மாதிரி முப்பத்தேழு டிகிரி இருக்கணும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சு மத்தியானம் வந்தாலும் அதேதான், மொதல்ல வெப்பமானி, அப்புறந்தான் தொப்பியக் கழட்டி மடிச்சு வைப்பாக.

ரத்தம் சேருமான்னு ரெண்டு விதமாப் பாக்கலாம். சாதா முறையில நோயாளியோட சீரம், அதான் ரத்தம் ஒறைஞ்சப்புறம் மேல தெளியுற தண்ணி, ரெண்டு சொட்டு, குடுக்குறவுக சிவப்பணு ஒரு சொட்டு, ஒரு சுத்து சுத்திக் குழாயச் சாச்சுப் பாத்தா முடிஞ்சது. கட்டி விழுந்தா சேராது, விழலைன்னா சேரும். கூம்ஸ் முறை அப்பிடி இல்ல. முக்கா மணி நேரம் தண்ணித்தொட்டியில வைக்கணும். மூணு தடவை உப்புத்தண்ணி ஊத்திக் கழுவணும். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொட்டு வரைக்கும் உதறணும். அப்புறம் கூம்ஸ் மருந்து ரெண்டு சொட்டு. அணு மேல சத்தமில்லாம ஒட்டிக்கிட்டு இருக்குற எதிர்ப்புப் பொருள அது காட்டிக் குடுத்துரும். நான் ஒரு நாள் அவசரத்துல ரெண்டு கழுவலோட நிறுத்திட்டேன். டாக்டர் எப்பிடிக் கண்டுபிடிச்சாகளோ தெரியல. "கலாவதிம்மா, மூணாவது கழுவல விட்டுட்டா முதல் ரெண்டும் வீண். குழாயக் கீழ போட்டுட்டு திரும்ப ஆரம்பிங்க"ன்னாக. திட்டியிருந்தா நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். அப்பிடிச் சொன்னவுககிட்ட என்னத்தப் பேச?

ரத்தம் குடுக்க ஆள் பிடிக்கிறதுதான் அப்ப பெரும்பாடு. பிரசவத்துக்கு வந்த பொம்பளைக்கு ரத்தம் வேணும்னு சொன்னா, வராண்டாவுல நிக்கிற ஆம்பளைக எல்லாம் பீடி வாங்கப் போயிருவாக. ஒருத்தருக்கு ஊசின்னா மயக்கம், இன்னொருத்தரு தண்ணி பாய்ச்சப் போகணும்பாரு. பெத்தவுக வேற, "எம் மகனே ஒல்லி, அவன்கிட்டப் போயி உறிஞ்சுறீகளே"ன்னு அழுவாக. எனக்கா வாய் சும்மா இருக்காது. "தாலி கட்டத் தெரிஞ்சதுல்ல, ஒரு பாட்டில் ரத்தம் குடுக்கத் தெரியாதா?"ன்னு ஆஸ்பத்திரியே கேக்கக் கத்துவேன். அப்பிடி வெக்கப்பட்டுக் குடுத்தவுக நெறைய. புருசன் ரத்தம் பொண்டாட்டிக்குன்னா எங்க எல்லாருக்குமே அது நல்ல காரியமாத்தான் பட்டுச்சு.

பவுன்ராஜுக்கு மட்டும் நான் கத்தவே இல்ல. தேவாரம் ஊரு ஜீப் ஸ்டாண்டுக்காரரு. காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலைக்குப் போயிட்டு, சாயந்தரம் எறக்கிக் கொண்டாந்து விடுற வேலை. அவரு சம்சாரம் சுருளியம்மாளுக்குத் தலைப்பிரசவம், பெண் பிள்ளை. பிள்ள பொறந்து ரத்தம் நிக்கல. சேதி கேட்டு, கையில கிரீஸ் கூடத் தொடைக்காம ஓடி வந்தாரு. சட்டைக்கைய அவரே சுருட்டிக்கிட்டு, "எம்புட்டு வேணும்னாலும் எடுங்க, அவ எந்திரிக்கணும்"ன்னாரு. ரெண்டு பேருக்கும் ஓ பாசிடிவ். சாதா முறையில பாத்தேன், நல்லாச் சேந்துச்சு. ஏத்துனோம். மறுநா காலையில சுருளியம்மா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சா.

"இனிமே அவுக ரத்தந்தான்க்கா எனக்குள்ள ஓடுது, வீட்டுல சண்டை போடக்கூட முடியாது"ன்னு சொல்லிச் சிரிச்சா. பாத்துக்கிட்டு இருந்த எனக்கு அம்புட்டு சந்தோசம். அதுக்கப்புறம் வராண்டாவுல முழிக்கிற ஆம்பளைககிட்ட எல்லாம், "தேவாரத்து ஜீப்காரரப் பாருங்கய்யா, அவரு ஆம்பள"ன்னு சொல்றது எனக்கு வாடிக்கையாப் போச்சு.

மூணு வருசம் கழிச்சு அவளுக்கு ரெண்டாவதா ஒரு பையன் பொறந்தான். வேற எடத்துல பிரசவம். பொறந்த அன்னைக்கே ஒடம்பு மஞ்சளாகி, நாலாம் நாள் போயிட்டான். நெகடிவ் பொம்பளையோட பிள்ளைக்குத்தான் இப்பிடி வரும்னு எல்லாருக்கும் ஒரே பாடம். சுருளியம்மா சீட்டுல பாசிடிவ்னு இருந்துச்சு. அதனால ஒருத்தரும் அதுக்கு மேல பாக்கல. நான் பாத்திருந்தாலும் அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்காது.

மூணாவதா உண்டாகி ஏழாம் மாசத்துல எங்ககிட்ட வந்தா. மொகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. கூட மாமியாரும் வந்தாக. சுருளியம்மா காதுல விழுற மாதிரியே எங்கிட்ட, "இவ வயித்துக்குள்ள வெசம் இருக்கு ஆத்தா. இதுவும் நிக்கலேன்னா தேவதானப்பட்டியில பொண்ணு பாத்து வச்சிருக்கேன், எம் மகனுக்கு முடிச்சிருவேன்"ன்னாக. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. சுருளியம்மா தரையப் பாத்துக்கிட்டே நின்னா.

பிரசவ வார்டுல ரத்தம் ஒண்ணு கைவசம் வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருந்தாக. பவுன்ராஜ் வழக்கம்போல சட்டைக்கையச் சுருட்டிக்கிட்டு முன்னாடி நின்னாரு. "என்னோடதையே எடுத்துக்கங்கக்கா. வேற ஆளு எதுக்கு? அவளுக்குப் பழகுன ரத்தம்."

எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. பழகுன ரத்தம்தானே, ஒடம்பு ஏத்துக்கும்னு நெனச்சேன். எங்க பக்கத்துல எல்லாருமே அப்பிடித்தான் சொல்லுவாக, ஒரு தடவை ஒத்துக்கிட்ட ரத்தத்தயே திரும்பத் தேடுவாக. சாதா முறையில பாத்தேன், சேந்துச்சு. ரத்தம் பிடிக்கிற பைய எடுத்து வச்சு அவரு பேர எழுதிக்கிட்டு இருக்கப்ப சலீம் டாக்டர் உள்ள வந்தாக.

"இந்தம்மாவுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்கா?"

"ஏத்தியிருக்கு டாக்டர், இவரோடதுதான். நாந்தான் பாத்தேன்."

"ஒரு பிள்ள மஞ்சளாகிப் போயிருக்குன்னும் எழுதியிருக்கு. கூம்ஸ் வச்சிருங்கம்மா."

மணி நாலு. எனக்கு நாலரை பஸ்ஸ விட்டா ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உசிரு போயிரும். "பாசிடிவ்தானே டாக்டர், எதுக்கு?"ன்னு முணுமுணுத்தேன். அவுக போய் வெப்பமானியப் பாத்துட்டு வந்தாக. வேற வழியில்லாம வச்சேன். முக்கா மணி நேரம். மூணு கழுவல். மருந்து ரெண்டு சொட்டு. சுத்திட்டு எடுத்துச் சன்னல் வெளிச்சத்துல சாச்சேன்.

செங்கப்பொடி மாதிரி கட்டி கட்டியா விழுந்திருந்துச்சு.

நான் எதையோ தப்பாக் கலந்துட்டேன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டக் காட்டாம இன்னொரு தடவை வச்சேன். அதுவும் கட்டி. ரெண்டு குழாயையும் கொண்டுபோய் நீட்டுனேன். டாக்டர் வாங்கிப் பாத்தாக, ரொம்ப நேரம் பாத்தாக. "ரெண்டு தடவை வச்சீகளா? நல்ல காரியம். கண்ணு ஒரு தடவை பொய் சொல்லும், ரெண்டாந்தடவை சொல்லாது"ன்னாக. பஸ்ஸு போயிருச்சு. அது ஞாபகமே இல்ல எனக்கு.

அன்னைக்கு டாக்டர் எனக்கு எடுத்துச் சொன்னத நான் இன்னைக்கும் மறக்கல. பிள்ளையில பாதி புருசன். பொம்பள ஒடம்புக்கு அது அந்நியம். புருசனோட சிறுநீரகத்த எடுத்து அவளுக்கு வச்சா, மருந்து குடுக்கலேன்னா கொஞ்ச நாள்ல ஒடம்பு வெரட்டிப் போட்டுரும். அதே புருசனோட பாதிய ஒம்பது மாசம் வச்சுக் காப்பாத்துது. "நோயோட சண்டை போடுற அணுக்கள் இருக்கே கலாவதிம்மா, அதுல ஒரு கூட்டம் கர்ப்பப்பைக்குப் போய் சண்டை போடுறதில்ல. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பாயுறதுக்கு வாய்க்கா வெட்டிக் குடுக்குது"ன்னாக. அம்மாவோட ரத்தமும் பிள்ளையோட ரத்தமும் அடுத்தடுத்து ஓடுது, ஆனா கலக்குறதில்ல. சாப்பாடு போகும். அதோட அம்மா அதுவரைக்கும் கண்ட நோய்க்கெல்லாம் செஞ்சு வச்ச எதிர்ப்புப் பொருளும் கொடி வழியா போகும். பொறந்த பிள்ளைக்கு மொத ஆறு மாசம் அதுதான் காவல். நான் வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டேன். தெனம் ரத்தத்துலயே கை வைக்கிற எனக்கு இதெல்லாம் தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு.

"இந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னா, ரத்தத்துல பாசிடிவ்ங்குறது ஒரு எழுத்தப் பத்தின சேதிதான். டி. அது போக இன்னும் சில எழுத்து இருக்கு, நாம பாக்குறதில்ல. அதுல ஒண்ணு புருசனுக்கு இருக்கு, இந்தம்மாவுக்கு இல்ல. அன்னைக்கு ஒரு பாட்டில் முழுக்க ஏத்துனோம். ஒடம்பு பாத்துச்சு, அந்நியம்னு குறிச்சு வச்சுக்கிருச்சு. அடுத்த பிள்ள அப்பா எழுத்தோட வந்தப்ப, காவலுக்கு அனுப்புற அதே வழியில இந்த எதிர்ப்பையும் அனுப்பிருச்சு. அது பிள்ளையோட அணுவ ஒடைச்சு, ஒடம்ப மஞ்சளாக்கிருச்சு."

நான் நாற்காலியில உக்காந்துட்டேன். அந்த ரத்தத்த எடுத்தது நான். சேந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டது நான். ஊரெல்லாம் கூப்பிட்டுப் பெருமை பேசுனதும் நான்.

மாதிரிய மதுரைக்கு அனுப்புனாக. சின்ன சி-ன்னு ஒரு எழுத்துக்கு எதிர்ப்புன்னு பதில் வந்துச்சு, டாக்டர் சொன்ன மாதிரியேதான். பவுன்ராஜ், சுருளியம்மா, மாமியார் மூணு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சோம். "நான் சொல்றேன்"ன்னு டாக்டர் சொன்னாக. "இல்ல டாக்டர், நாந்தான் அந்த ரத்தத்த வாங்குனேன், நானே சொல்றேன்"ன்னேன். எப்பவும் அருவி மாதிரி பேசுற வாயி, அன்னைக்குத் திக்கித் திணறித்தான் சொல்லுச்சு.

பவுன்ராஜ் கேட்டுக்கிட்டே இருந்தாரு. சுருட்டியிருந்த சட்டைக்கைய மெல்ல எறக்கி விட்டு, பித்தானப் போட்டாரு. "அப்ப அந்தப் பயலக் கொன்னது நாந்தானாக்கா?"

டாக்டர்தான் சொன்னாக. "அன்னைக்கு நீங்க குடுக்கலேன்னா இவுக அன்னைக்கே போயிருப்பாக. இந்தப் பிள்ளையும் வயித்துல இருக்காது. நீங்க செஞ்சது சரி. எங்களுக்குத்தான் அதுக்கு மேல தெரியாமப் போச்சு."

சுருளியம்மா கேட்டா, "எங்கிட்ட வெசம் இல்லைல டாக்டரய்யா?"

"இல்லம்மா. உங்க ஒடம்பு அதோட வேலைய ரொம்ப ஒழுங்காச் செஞ்சிருக்கு. வெசமெல்லாம் ஒண்ணும் இல்ல." இத டாக்டர் சுருளியம்மாளப் பாத்துச் சொல்லல, மாமியாரப் பாத்துச் சொன்னாக. அந்தம்மா முந்தானைய வாயில பொத்திக்கிட்டாக. அதுக்கப்புறம் தேவதானப்பட்டிப் பேச்ச நான் கேக்கல.

பிள்ள பொறந்த ஒடனே அதோட ரத்தத்த எடுத்துட்டு வேற ரத்தம் மாத்தணும். அந்த ரத்தம் ஓ பாசிடிவா இருக்கணும், சுருளியம்மா சீரத்தோட கூம்ஸ்ல கட்டி விழாம இருக்கணும், எடுத்து ரொம்ப நாள் ஆகாம இருக்கணும். "அப்பிடி ஆளுக்கு எங்கன போறது?"ன்னு நான் கேட்டதுதான். பவுன்ராஜ் எந்திரிச்சாரு. "என்னோடது ஆகாதுல்ல, ஆகுற ஆள நான் கொண்டாரேன்."

மறுநா காலையில ஆஸ்பத்திரி வாசல்ல மூணு ஜீப்பு. தேவாரத்து ஸ்டாண்டே வந்து எறங்குது. டிரைவர், கிளீனர், டிக்கெட் போடுற ஆளு, எல்லாச் சாதியும், எல்லா மதமும். ஊசின்னா பீடி வாங்கப் போற ஆம்பளைக ஊருல, இம்புட்டுப் பேரு சட்டைக்கையச் சுருட்டிக்கிட்டு வரிசையில நின்னத நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஒருத்தன் கொஞ்சம் பின்வாங்குனான். பவுன்ராஜ், "ஏலே, ரோட்டுல யானை நின்னப்ப வண்டிய விட்டு எறங்குன பயதானே நீ, இந்த ஊசிக்கா பயப்படுற?"ன்னு அவன் முதுகுல ஒண்ணு வச்சாரு. முப்பது பேருல குரூப் சேந்தது பதினொண்ணு. அந்தப் பதினொண்ணையும் கூம்ஸ் வச்சு, மும்மூணு தடவை கழுவி, ஒவ்வொரு குழாயாச் சாச்சுப் பாத்தேன். நாலு பேருக்குக் கட்டி விழல. பிரசவத்தன்னைக்குக் கூப்பிட்டா ஒடனே வந்து குடுக்கணும்னு சொல்லி வச்சோம். அந்த நாலு பேரும் ஏதோ தேர்தல்ல செயிச்ச மாதிரி மீசையத் தடவிக்கிட்டுத் திரிஞ்சாக.

சுருளியம்மாளோட எதிர்ப்பு எம்புட்டுன்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அளந்தோம். சீரத்தப் பாதி பாதியாத் தண்ணி கலந்துக்கிட்டே போய், எது வரைக்கும் கட்டி விழுதுன்னு பாக்கணும். எட்டு மடங்கு, பதினாறு, முப்பத்திரெண்டுன்னு ஏறுச்சு. அதுக்கு மேல காத்திருக்கக் கூடாதுன்னு, நாள் நெறையுறதுக்கு மூணு வாரம் முன்னாடியே பிரசவ வலி வர மருந்து போட்டாக. பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண் பிள்ள பொறந்துச்சு. தொப்புள்கொடி ரத்தத்த நான் வாங்கிப் பாத்தேன், பிள்ளையோட அணு மேல அம்மாவோட எதிர்ப்பு ஒட்டியிருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள கண்ணு மஞ்சளாக ஆரம்பிச்சிருச்சு.

குழந்தை டாக்டரம்மா கொப்பூழ் வழியாக் குழாய விட்டு, பத்து மில்லி வெளிய, பத்து மில்லி உள்ளன்னு மாத்துனாக. எண்ணிக்கை சொல்லுறது என் வேலை. அந்த நாலு பேருல சையதுன்னு ஒரு டிரைவர், அன்னைக்குக் காலையில எடுத்த அவரு ரத்தந்தான். எண்ணிக்கிட்டே இருக்கேன், நாக்கு ஒட்டிக்கிருச்சு, எங்க விட்டுருவேனோன்னு ஒரே பயம். சலீம் டாக்டர் ஒரு ஓரமா நின்னு, நான் சொல்லச் சொல்லத் தாள்ல கோடு போட்டாக. ரெண்டு மணி நேரம் ஆச்சு. முடிஞ்சப்ப பிள்ள வீல்னு கத்துச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு.

அன்னைக்கு சாயந்தரம் பதிவேட்ட என் முன்னாடி வச்சு, டாக்டர் சிவப்புப் பேனாவ நீட்டுனாக. "மொதப் பக்கத்துல நீங்களே எழுதுங்கம்மா. எழுதுன கை மறக்காது." அப்பிடி எழுதுனதுதான் அந்த வரி.

ஆனா அதோட முடியல. "இப்ப என் பிள்ள ஒடம்புல யாரு ரத்தம் ஓடுது?"ன்னு பவுன்ராஜ் கேட்டாரு. "சையது ரத்தம்"ன்னேன். டாக்டர் சொன்னாக, அது மூணு நாலு மாசம் தாங்கும், அதுக்குள்ள பிள்ள தன் சொந்த ரத்தத்த ஊற வைக்கணும். ஆனா அம்மா அனுப்புன எதிர்ப்பு இன்னும் பிள்ளைக்குள்ள மிச்சம் இருக்கு, புதுசா ஊறுற அணுவ அது அழிக்கும். அது கரையணும். கரைஞ்சு, பிள்ளையோட ரத்தம் நிக்கணும். அது நிக்குற வரைக்கும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது.

வாரா வாரம் வந்தாக. ரத்த அளவு பன்னெண்டு, பத்து, எட்டரைன்னு எறங்கிக்கிட்டே போச்சு. குதிகால்ல நான் குத்துறப்ப எல்லாம் பிள்ள என்னையே மொறைக்கும். ஒரு தடவை சையதுகிட்டயே எடுத்து இன்னும் கொஞ்சம் ஏத்துனோம். பவுன்ராஜ் வாசல்லயே நிப்பாரு, உள்ள வர மாட்டாரு. அவரு சட்டைக்கை பித்தான் போட்டபடியே இருக்கும்.

நாலாம் மாசம் ஒரு காலையில அளவு ஏறியிருந்துச்சு. எனக்கு நம்பிக்கை வரல. சையது ரத்தந்தான் இன்னும் கெடக்கோ என்னமோன்னு, சுருளியம்மாகிட்ட ரெண்டு மில்லி எடுத்தேன், அந்தச் சீரத்தோட பிள்ளையோட அணுவச் சேத்துக் கூம்ஸ் வச்சேன். முக்கா மணி நேரம். மூணு கழுவல். மருந்து ரெண்டு சொட்டு. சையதோட ரத்தமா இருந்தா கட்டி விழாது; பிள்ள தானே ஊற வச்ச ரத்தமா இருந்தா அதுல அப்பா எழுத்து இருக்கும், கட்டி விழும். சன்னல் பக்கம் போய்ச் சாச்சேன்.

கட்டி. செங்கப்பொடி மாதிரி கட்டி. எந்தக் கட்டியப் பாத்து அன்னைக்கு நான் பஸ்ஸயே மறந்தேனோ, அதே கட்டி. திரும்ப வச்சேன், ரெண்டாந்தடவையும் அதேதான். டாக்டர் வாங்கிப் பாத்துட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்தாக. அவுக கண்ணு கலங்குனத நான் அந்த ஒரு தடவைதான் பாத்தேன்.

வெளிய சுருளியம்மா பெஞ்சுல உக்காந்து பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. பக்கத்துல பவுன்ராஜ் நின்னாரு. குழாயக் கையில பிடிச்சுக்கிட்டே நான் ஓடுனேன்.

"என்னக்கா, என்ன தெரியுது?"ன்னு சுருளியம்மா கேட்டா.

"ஒம் புருசன் தெரியுறாரு"ன்னேன்.

அவ குழாயப் பாக்கல. மடியில கெடந்த பிள்ளையோட மொகத்த விலக்கிப் பாத்தா. பாத்துட்டு மெதுவாக் கேட்டா.

"வந்துட்டாகளா?"